நம்பரை மாற்றச் சொன்ன மகனுக்கு

ஜெபா,

ஞாயிற்றுக்கிழமை பெங்களூரிலிருந்து பேசியபோது நீ இரண்டு விஷயம் சொன்னாய். உன் கல்யாணத்துக்கு முன்னால் எனக்கு ஒரு புதுப் போன் வாங்கித் தரப் போகிறாய், விரலால் தடவினால் ஓடுகிற கண்ணாடிப் போன். அதோடு நானும் உன் கம்பெனி சிம்முக்கே மாறிவிட வேண்டும், நாம் பேசிக்கொள்ள அப்புறம் காசே ஆகாது. நம்பர் மாறுமே என்று கேட்டதற்கு, "அதெல்லாம் ஒரு மேட்டரே இல்லம்மா" என்றாய். இரண்டாவது விஷயத்தைப் போனை வைக்கப் போகும்போது, ஏதோ மறந்துபோனது ஞாபகம் வந்ததைப் போலச் சொன்னாய். "தேவராஜ் அங்கிள் இங்க என்னைப் பாக்க வந்திருந்தாரும்மா. ரொம்ப தளர்ந்துட்டார். அவருக்கும் ஒரு பத்திரிகை வச்சிடலாம். பழசெல்லாம் விட்டுடுங்களேன்." நான் பார்க்கலாம் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். போனில் உனக்கு எதையும் முழுசாகச் சொல்ல முடியாது. சரிம்மா, சரிம்மா என்றே என்னை வாசல் வரை தள்ளிக்கொண்டு போய்விடுவாய். கடிதத்தை அப்படித் தள்ள முடியாது, அதனால் எழுதுகிறேன். நீ சொன்ன இரண்டும் உனக்குத்தான் இரண்டு விஷயம். எனக்கு அவை ஒன்றுதான். பொறுமையாகப் படி. பெர்சிக்கும் படித்துக் காட்டு. அவள் இந்த வீட்டுக்கு வரப்போகிறவள், மாமியார் எப்படிப்பட்டவள் என்று தெரிந்துகொண்டே வரட்டும்.

உனக்குத் தேவராஜ் என்றால் சைக்கிளில் முன்னால் உட்காரவைத்து ஆம்பூர் பஜாரைச் சுற்றிக் காட்டியவர். ரப்பர் பந்து வாங்கிக் கொடுத்தவர். சர்ச்சில் பாட்டுக் குழுவின் முன் வரிசையில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு பாடுகிறவர். அதெல்லாம் பொய்யில்லை, அவர் அப்படியும் இருந்தார். ஆனால் நீ இரண்டாம் வகுப்புப் படித்த வருஷம் நம் வீட்டு முன்னறையில் மூன்று தையல் மிஷின் ஓடியது உனக்கு ஞாபகம் இருக்கிறதா? பெரிய ஷூ கம்பெனியில் வருஷக்கணக்காக மிஷினில் உட்கார்ந்து, இடுப்பு போய், சொந்தமாகத் தைக்கலாம் என்று நான் ஆரம்பித்த யூனிட் அது. ஷூவின் மேல்பாகத்தை, நாங்கள் அப்பர் என்போம், அதைத் தைத்துக் கொடுக்கிற ஜாப் ஒர்க். நூர்ஜஹானோடு சேர்த்து ஐந்து பெண்கள். அப்பா விடிகாலை ரயிலில் காட்பாடி போய், அங்கிருந்து வேலூர் ஆஸ்பத்திரி லேபுக்குப் போய்விடுவார். நீ தோல் துண்டுகளை அடுக்கி வைத்து விளையாடிக்கொண்டிருப்பாய். வீடு முழுக்கப் பசை வாசனையாக இருக்கும். அந்த வருஷம் போல நான் எந்த வருஷமும் சந்தோஷமாக வேலை செய்ததில்லை.

ஒன்றே ஒன்றுதான் இல்லை, போன். அப்போதெல்லாம் வீட்டுக்குப் போன் வேண்டும் என்று எழுதிப் போட்டால் அது எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அடுத்த கட்டடத்தில் தேவராஜ், நூலும் லைனிங் துணியும் பசையும் யூனிட்டுகளுக்கு விற்றுக்கொண்டிருந்தார். அவரிடம் போன் இருந்தது. "எதுக்குக்கா பேஜார் பட்றீங்க? உங்க கார்டுல என் நம்பரப் போட்டுக்கோங்க. நான் இன்னா வேத்து ஆளா?" என்று அவராகவே வந்து சொன்னார். நானும் பிரஸ்ஸில் கொடுத்து என் பெயர், கீழே ஜாப் ஒர்க், அதற்கும் கீழே அவர் நம்பர், பக்கத்தில் பி.பி. என்று அச்சடித்துக்கொண்டேன். பெர்சிக்கு அந்த இரண்டு எழுத்து தெரிந்திருக்காது. இவர்கள் வீட்டில் போன் இல்லை, பக்கத்து வீட்டில் கூப்பிட்டுக் கொடுப்பார்கள் என்று அதற்கு அர்த்தம்.

கூப்பிட்டுத்தான் கொடுத்தார். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "அக்கா, ராணிப்பேட்டை!" என்று குரல் வரும். சேலையில் நூல் ஒட்டியிருக்க நான் ஓடுவேன். நான் பேசி முடிக்கும் வரை அவர் அங்கேயே நிற்பார். ஒரு ஜோடிக்கு என்ன கூலி, எப்போது கொடுக்க வேண்டும், எந்தக் கம்பெனியில் யாரைப் பார்க்க வேண்டும் என்று எல்லாவற்றையும் அவர் காதுபடக் கத்திப் பேசியிருக்கிறேன். லைன் அப்படி இரையும், கத்தினால்தான் அந்தப் பக்கம் கேட்கும். என் வியாபாரம் முழுவதையும் நானே அவருக்குப் பாடம் எடுத்தேன் என்று பிறகுதான் உறைத்தது. நம் பெயரை இன்னொருவர் நம்பருக்குமேல் அச்சடிக்கக் கூடாது, ஜெபா. நாம் இருக்கிறோமா இல்லையா என்பதைச் சொல்லும் உரிமையை அவரிடம் எழுதிக் கொடுக்கிற மாதிரி அது.

ராணிப்பேட்டையில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனி. ஆர்டர்களைப் பார்த்துக்கொண்டது சாந்தி மேடம். குழந்தைகள் ஷூவுக்கு ஒரு சாம்பிள் கேட்டார்கள், ஓரமெல்லாம் பூப்போலத் தையல் வளைந்து வர வேண்டும். யாரையும் தொடவிடாமல் நானே தைத்து எடுத்துக்கொண்டு போனேன். மேடம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லா வந்திருக்கு. வெளிநாட்டுல ஓகே சொல்லிட்டா போன் பண்றேன்" என்றார்கள். அந்தப் போனுக்காகக் காத்திருந்தேன். தேவராஜைப் பார்க்கும்போதெல்லாம் கேட்டேன். "இல்லக்கா. வந்தா சொல்ல மாட்டேனா?" வாரங்கள் போயின. ஒரு நாள் அவர் வாசலில் லாரி நின்று மிஷின்கள் இறங்கின. "இன்னாக்கா இது, நூல் விக்கிறவருக்கு மிஷின் எதுக்கு?" என்று நூர்ஜஹான் கேட்டாள். ஊரில் எல்லாரும் முன்னேற வேண்டியதுதான் என்று நான் அவருக்குப் பரிந்து பேசினேன். என் ஐந்து பெண்களில் மூன்று பேர் அடுத்த மாதமே சுவருக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்கள். கூலி ஜாஸ்தி என்றார்கள். வேலையே இல்லாத யூனிட்டில் எத்தனை நாள் உட்கார்ந்திருப்பார்கள்? மிஷின்களை விற்றேன். பழைய கம்பெனியிலேயே போய் மறுபடி வரிசையில் உட்கார்ந்தேன். உன்னை இங்கிலீஷ் மீடியத்திலிருந்து எடுத்து, ரயில்வே லைன் பக்கம் இருந்த பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். நீ கணக்கில் மார்க் குறைவாக வாங்கியதால்தான் மாற்றிவிட்டோம் என்று நீயாக நினைத்துக்கொண்டு, ஒரு வாரம் யாரோடும் பேசாமல் இருந்தாய். நீ கணக்கில் தோற்கவில்லை, கண்ணா. இப்போதாவது தெரிந்துகொள்.

விஷயம் வெளியே வந்தது வாலாஜாபேட்டையில், நம் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில். பெண் வீட்டுக்குத் தெரிந்தவராகச் சாந்தி மேடம் வந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்ப உடம்பு பரவாயில்லையா?" என்று கேட்டார்கள்.

"எனக்கு உடம்புக்கு இன்னா மேடம்?"

"அன்னிக்கு ஓகே ஆனதும் உங்களுக்குப் போன் பண்ணேனே, ரெண்டு மூணு தடவை. ஒருத்தர் எடுத்தார். நீங்க யூனிட்டை மூடிட்டு, மனசு சரியில்லாம அம்மா வீட்டுக்குப் போய்ட்டீங்கன்னார். அவங்க ஆளுங்கல்லாம் இப்ப என்கிட்டதான் இருக்காங்க, அதே தையல்ல நான் பண்ணித் தர்றேன்னார். நானும் குடுத்துட்டேன். பாவம்னு உங்களுக்காக ஜெபம்கூடப் பண்ணேன்."

இலையில் பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது. மனசு சரியில்லாதவள் என்று என்னைச் சொல்லியிருக்கிறார். ஆர்டரை எடுத்துக்கொண்டதைக்கூட வியாபாரம் என்று விட்டிருப்பேன். அந்த ஒரு வார்த்தையைத்தான் இன்றுவரை விட முடியவில்லை. எத்தனை கம்பெனிகளில் அதைச் சொல்லியிருப்பார், யார் யார் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டுக்கொண்டு போனார்கள் என்று பஸ்ஸில் திரும்பி வரும்போது ஒவ்வொரு முகமாக யோசித்துக்கொண்டே வந்தேன்.

மறுநாள் தேவராஜ் ஷெட்டுக்குப் போய் நின்றேன். உள்ளே என் பழைய பெண்கள் தலை குனிந்து தைத்துக்கொண்டிருந்தார்கள். கேட்டேன். அவர் முகம் ஒரு நிமிஷம்தான் மாறியது. "லைன் சரியா கேக்கலக்கா. அவங்க இன்னா கேட்டாங்களோ, நான் இன்னா சொன்னேனோ" என்றார். நான் விடவில்லை, குரலை உயர்த்தினேன். மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. எல்லாரும் பார்க்கிறார்கள் என்றதும் சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஒரு போன் வாங்க வக்கில்லாதவங்கல்லாம் கம்பெனி நடத்தக் கூடாதுக்கா." யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். நான் திரும்பி நடந்து வந்துவிட்டேன். "விட்டுடு, கர்த்தர் பாத்துப்பார்" என்றார் அப்பா. "அவருக்கு ஆயிரம் வேல இருக்கு. இத நானே பாத்துக்கிறேன்" என்றேன். அன்றிலிருந்து அப்பா என்னிடம் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

சில வருஷம் கழித்து ஆம்பூரில் செல்போன் வந்தது. முதலில் வாங்கியவர்களில் தேவராஜும் ஒருவர், இனி எதற்கு என்று பழைய லைன் போனையே எடுத்துவிட்டார். மடக்கித் திறக்கிற போன், இடுப்பு பெல்ட்டில் உறை, ஒரே எண் வரிசையாக வரும் நம்பர். எந்தப் பஸ்ஸைப் பார்த்தாலும் விளம்பரம் ஒட்டியிருந்த கம்பெனி. ஆராதனை முடிந்ததும் சர்ச் வாசலில் நின்று அதைத் திறந்து திறந்து மூடுவார். ஊரே அப்படித்தான் போன் வாங்கியது. எதிர் வீட்டுக்காரர் எதை வாங்கினார், எந்த போர்டில் நல்ல நடிகர் சிரிக்கிறார், எந்தப் போனில் கலர் தெரிகிறது என்று பார்த்து வாங்கினார்கள். நீயும் அந்தக் கண்ணாடிப் போனை அப்படித்தான் தேர்ந்தெடுத்திருக்கிறாய் என்று நினைக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நான் பகையை வைத்துத் தேர்ந்தெடுத்தேன். பகை மாதிரி கண்ணைத் திறந்துவிடுகிற ஆசிரியர் கிடையாது.

எந்தப் போன் நல்லது என்று நான் யாரையும் கேட்கவில்லை. ஒரு நாள் லீவு போட்டுவிட்டு ராணிப்பேட்டைக்குப் போய்ச் சாந்தி மேடத்தைப் பார்த்தேன். "மேடம், நான் மறுபடியும் யூனிட் போடப் போறேன். அவசரம்னா எங்களையெல்லாம் எப்பக் கூப்பிடுவீங்க? எடுக்கலன்னா இன்னா பண்ணுவீங்க?" என்று கேட்டேன். அவர்கள் சிரித்தார்கள். "மதியத்துக்கு முன்னாடிதான் கூப்பிடுவேன். எடுக்கலன்னா அடுத்த நம்பருக்குப் போயிடுவேன். மேல இருந்து என்னைக் கேக்கறாங்களே, நான் யாருக்காகக் காத்திருக்க முடியும்?" எனக்கு அது போதும். மதியத்துக்கு முன்னால் நான் எங்கே இருப்பேன்? தகரக் கூரைக்குக் கீழே, மிஷின் சத்தத்துக்கு நடுவில் இருப்பேன். இல்லாவிட்டால் ஆலங்காயத்தில், வீட்டிலிருந்தே கைத்தையல் போடும் பெண்களிடம் வேலை கொடுக்கப் போயிருப்பேன். இந்த இரண்டு இடத்திலும் என் போன் அடிக்க வேண்டும். பம்பாயில் அடித்தால் என்ன, அடிக்காவிட்டால் என்ன?

பஜாரில் போன் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒரு வரைபடத்தை விரித்து, "அக்கா, இந்த சிம் இந்தியா முழுக்க எடுக்கும்" என்றார்.

"இந்தியா முழுக்க வேணாம்பா. ஆலங்காயம் பஸ் ஸ்டாண்டு பின்னாடி எடுக்குமா?"

அவர் வரைபடத்தைப் பார்த்தார். அதில் ஆலங்காயமே இல்லை. "எடுக்கும்க்கா" என்றார். விற்கிறவரிடம் கேட்டால் வேறு எந்தப் பதில் வரும்? அதனால் மூன்று பேரிடம் மூன்று கம்பெனிப் போனைக் கெஞ்சி இரவல் வாங்கினேன். ஒன்று அப்பாவின் லேப் நண்பருடையது, ஒன்று கம்பெனி வேன் டிரைவருடையது, ஒன்று நம் பாஸ்டருடையது. மூன்றையும் துணிப்பையில் போட்டுக்கொண்டு நூர்ஜஹானோடு ஆலங்காயம் பஸ் ஏறினேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒவ்வொரு தெரு முனையிலும், அந்தப் பெண்களின் வீட்டு அடுப்பங்கரையிலும்கூட நின்று, மூன்றையும் எடுத்து சிக்னல் கோடு எத்தனை காட்டுகிறது என்று பார்த்தோம். ஜனங்கள் எங்களை ஒரு மாதிரி பார்த்தார்கள். "அக்கா, மூணு போன வச்சினு தெருத் தெருவா சுத்தறோமே, திருடிங்கன்னு புடிச்சினு போய்டப் போறாங்க" என்று நூர்ஜஹான் புலம்பிக்கொண்டே வந்தாள். டிரைவருடைய கம்பெனி மட்டும்தான் எல்லா இடத்திலும் எடுத்தது. தேவராஜ் வைத்திருந்த கம்பெனி தெருவில் எடுத்தது, கூரைக்குக் கீழே போனதும் செத்தது. மூன்றாவது கம்பெனி வாணியம்பாடி தாண்டி மலைப் பக்கம் திரும்பியதுமே ஒரு கோடுகூடக் காட்டவில்லை. அந்த மூன்றாவதை நன்றாக மனதில் வைத்துக்கொண்டேன்.

டிரைவர் வைத்திருந்த கம்பெனி சிம்மையே வாங்கினேன், போனையும் அப்படிப் பார்த்தே வாங்கினேன். கலர் வேண்டாம், மடக்குவது வேண்டாம். பசை ஒட்டின விரலால் அழுத்தினாலும் எண் விழ வேண்டும், தூசி உள்ளே போகக் கூடாது, ஒரு தரம் சார்ஜ் போட்டால் நாள்கணக்கில் நிற்க வேண்டும். கடைக்காரரை அதைப் பஜார் நடுவில் எடுத்துப் போய் மணி அடிக்கவைத்துக் காட்டச் சொன்னேன். லாரி ஹாரனுக்கும் மேலே கேட்டது. "இத வயசானவங்கதான்க்கா வாங்குவாங்க" என்றார். வாங்கிக்கொண்டேன். சேமித்து வைத்திருந்ததில் இரண்டு பழைய மிஷினும் வாங்கி, நூர்ஜஹானோடு மறுபடி ஆரம்பித்தேன். சமையலறையோ பாத்ரூமோ, என் போன் இரண்டாவது மணியைத் தாண்டியதில்லை. உன் பத்தாம் வகுப்புப் பரிசளிப்பு விழாவில் உன் பெயரைக் கூப்பிட்ட நேரத்தில் நான் எழுந்து வெளியே போனதை நீ இன்னும் சொல்லிக்காட்டுகிறாய். அது சாந்தி மேடத்தின் போன்.

இப்போது நான் செய்ததைச் சொல்கிறேன். சின்னச் சின்ன வேலைகள் சிலவற்றை நேரத்துக்கு முடித்துக் கொடுத்த பிறகு, ஒரு நாள் காலையில் ராணிப்பேட்டை போனேன். தேவராஜ் ஷெட்டுக்கு உள்ளே நின்று வேலை வாங்கும் நேரம் எனக்குத் தெரியும், அந்த நேரமாகப் பார்த்துப் போனேன். மேடமும் அவர்களுக்கு மேலே இருந்த மேனேஜரும் உட்கார்ந்திருந்தார்கள். குழந்தைகள் ஷூ ஆர்டர் எனக்கு வேண்டும் என்றேன். "தேவராஜ் நல்லாதானே பண்றார்? எதுக்கு மாத்தணும்?" என்று மேனேஜர் கேட்டார். நான் தேவராஜைப் பற்றி ஒரு வார்த்தை குறையாகச் சொல்லவில்லை. "சார், இப்ப அவருக்கு ஒரு போன் போடுங்க. அப்புறம் எனக்குப் போடுங்க" என்றேன். அவர் மேஜை போனில் ஸ்பீக்கரை அமுக்கிப் போட்டார். நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஒரு பெண் இனிமையாகச் சொன்னாள். இன்னொரு தரம் போட்டார், அவள் இன்னொரு தரம் சொன்னாள். "போன வாரமும் இப்படித்தான் சார்" என்றார்கள் மேடம். பிறகு என் நம்பரைப் போட்டார். என் பைக்குள்ளிருந்து அது அலறிய அலறலில் பக்கத்து அறையிலிருந்து ஆள் எட்டிப் பார்த்தார். அந்த ஆர்டரில் பாதி அன்றைக்கே என் கைக்கு வந்தது. வெளியே வந்து, ராணிப்பேட்டை பஸ் ஸ்டாப்பில் நின்று, தனியாகச் சிரித்தேன். மனசு சரியில்லாதவள் என்று யாராவது நினைத்திருந்தால் நினைத்துக்கொள்ளட்டும்.

இதையே இன்னும் இரண்டு கம்பெனிகளில் செய்தேன். தேவராஜுக்கு வேலை குறைந்தது. எனக்கு ஆலங்காயத்தில் ஆள் இருப்பதைப் பார்த்து அவரும் அங்கே கைத்தையலுக்குக் கொடுக்க ஆரம்பித்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் அவராகவே என்னிடம் வந்தார். ஷெட்டில் நான் போய்க் கேட்ட நாளுக்குப் பிறகு அவர் என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

"அக்கா, என் போன் ஷெட்டுக்குள்ள எடுக்கவே மாட்டேங்குது. உங்க கம்பெனி சிம் கேட்டேன், ஸ்டாக் இல்ல, நாளாகும்ன்றான். இன்னொரு கம்பெனிது உடனே தர்றேன்றான். அது எப்படிக்கா? ஆலங்காயத்துல எடுக்குமா?"

அவர் சொன்னது அந்த மூன்றாவது கம்பெனி. நான் அவர் முகத்தையே பார்த்தேன். கொஞ்சம் இளைத்திருந்தார், சட்டைக் காலர் மடங்கியிருந்தது. உண்மையைச் சொல்ல ஒரு நொடி போதும்.

"இந்தியா முழுக்க எடுக்கும், தேவராஜ்" என்றேன்.

அவர் வாங்கினார். ஷெட்டில் நன்றாகவே எடுத்ததாம், சந்தோஷப்பட்டாராம். இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் அவர் ஆலங்காயத்தில் இருந்தபோது ராணிப்பேட்டையிலிருந்து கூப்பிட்டிருக்கிறார்கள். நூல் நிறம் மாறிவிட்டது, தைப்பதை நிறுத்துங்கள் என்று சொல்ல. நாள் முழுக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவர் சாயங்காலம் ஊர் திரும்பும் வரை அங்கேயும் ஷெட்டிலுமாகப் பழைய நிறத்திலேயே தைத்து முடித்துவிட்டார்கள். மொத்தமும் திரும்பி வந்தது. அதிலிருந்து அவர் எழுந்திருக்கவில்லை. அவருடைய மிஷின்களை விற்க ஆள் தேடுகிறார் என்று கேள்விப்பட்டு, நான் வாங்கிக்கொள்கிறேன் என்று நூர்ஜஹானை அனுப்பிச் சொல்லச் சொன்னேன். அவர் போன் பண்ணினார். அந்த ஒரு தடவை அவர் போனை எடுத்தேன். இன்று நம் ஷெட்டில் ஓடும் மிஷின்களில் பாதி அவருடையது. உன் இன்ஜினீயரிங் காலேஜுக்கு அவைதான் தைத்துப் போட்டன. இதைத் தெரிந்துகொண்டு, இப்போது சொல், பழசெல்லாம் விட்டுடுங்க என்று.

அதற்குப் பிறகு அவர் வாணியம்பாடியில் ஒரு செருப்புக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கிருந்து எனக்குப் போன் பண்ண ஆரம்பித்தார். கிறிஸ்துமஸ் காலையில் பண்ணுவார், புது வருஷ ஆராதனை முடிந்ததும் பண்ணுவார், நடுவில் சாதாரண நாள்களிலும் பண்ணுவார். போனின் சின்னத் திரையில் அவர் பெயர் வரும். நான் கையில் எடுத்து, அது அடித்து ஓயும் வரை பார்த்துக்கொண்டிருப்பேன். உலகத்தில் யார் கூப்பிட்டாலும் இரண்டாவது மணியில் எடுக்கிறவள் நான், அவருக்கு மட்டும் எடுப்பதில்லை. போன மாதம் அவரே கேட்டைத் திறந்துகொண்டு ஷெட்டுக்கு வந்துவிட்டார். தன்னுடைய மிஷின்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். நூர்ஜஹான் ஸ்டூல் எடுத்துப் போட்டாள், அவர் உட்காரவில்லை.

"எத்தினி வாட்டி போன் பண்றேன், எடுக்கவே மாட்டேங்கிறீங்களேக்கா. சூப்பர்வைசர் வேல இருந்தா குடுங்கன்னு கேக்கத்தான்."

"லைன் சரியா கேக்கல, தேவராஜ்" என்றேன்.

அவருக்குப் புரிந்தது. அது புரிகிற நேரத்தை அவர் முகத்தில் நான் முழுசாகப் பார்த்தேன். இத்தனை வருஷமும் நான் வேண்டியது அந்த முகத்தைத்தான். வாயைத் திறந்தார். இப்போதாவது அந்த வார்த்தைக்கு, மனசு சரியில்லாதவள் என்றதற்கு, ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. "வர்றேன்க்கா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். போனவர் நேராக உன்னிடம் பெங்களூருக்கு வந்திருக்கிறார். என்னிடம் சொல்ல வேண்டியதை உன் வாய் வழியாக அனுப்பியிருக்கிறார். மன்னிப்புக்கும் ஒரு பி.பி. நம்பர் பிடித்திருக்கிறார். நீ அதற்கு ஆளாகாதே.

இனி நீ கேட்டதற்குப் பதில். அந்தக் கண்ணாடிப் போனைப் பெர்சிக்குக் கொடு. அவளுக்கு வாங்கும்போது கடையில் நின்று வாங்காதே. அவள் வேலை செய்யும் கட்டடத்துக்குள், நீங்கள் குடிபோகும் வீட்டின் உள்ளறையில், அவள் அம்மா ஊரில் வைத்துப் பார்த்துவிட்டு வாங்கு. எந்தக் கம்பெனி மலிவு என்று பார்ப்பதற்கு முன்னால், அவளுக்கு ஒரு கெட்ட செய்தி வந்தால் எங்கே நின்று கேட்பாள் என்று யோசி. உன் கம்பெனி சிம் உனக்கு நன்றாக இருந்தால் நீ வைத்துக்கொள். நாம் பேசுவதற்கு ஆகும் காசை நான் கொடுக்கிறேன். என் நம்பரை மாற்ற மாட்டேன். சாந்தி மேடம் ரிட்டயர் ஆகிவிட்டார்கள், புதுக் கம்பெனிக்காரர்கள் எந்த நம்பர் கொடுத்தாலும் கூப்பிடுவார்கள், அதெல்லாம் எனக்குத் தெரியும். நம்பர் மாறிவிட்டால் தேவராஜுக்கு வேறு யாரோ எடுத்து, ராங் நம்பர் என்று சொல்லி முடித்துவிடுவார்கள். நான் எடுக்கவில்லை என்பது அவருக்குத் தெரியாமலே போய்விடும்.

பத்திரிகையை நீ தாராளமாக வை. கல்யாணம் உன்னுடையது, உன்னைச் சைக்கிளில் சுற்றிக் காட்டியவரைக் கூப்பிட உனக்கு உரிமை உண்டு. நான் தடுக்க மாட்டேன், பந்தியில் முகம் சுளிக்கவும் மாட்டேன், வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும். உறைமேல் அவர் பெயரை மட்டும் உன் கையாலேயே எழுது. அதைப் பார்த்ததும் எனக்குப் போன் பண்ணுவார்.

பண்ணட்டும். மணி அடிக்கும். நான் பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருப்பேன்.

அன்போடும், நீ விடச் சொன்ன எல்லாவற்றோடும்,
அம்மா